வெறுத்த ஊரே ஊழிய ஊரானது! டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை

 

வீடு சந்திப்புக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கிற ஜெபக்குறிப்பு ஒன்று உண்டு. சரீர சுகத்துக்கு ஜெபிக்கச் சொல்லுவார்கள், பிள்ளைகளின் படிப்புக்கும் கலியாணத்துக்கும் ஜெபிக்கச் சொல்லுவார்கள். எல்லாம் முடிந்து நான் பைபிளை மூடி எழும்பும்போது, மெதுவாக இன்னொன்றையும் சொல்லுவார்கள். பாஸ்டர், இந்த ஊரே எங்களுக்குப் பிடிக்கல, எப்படியாவது இங்கிருந்து போயிடணும், அதுக்கும் ஜெபம் பண்ணுங்க என்பார்கள்.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்தில் 2015 டிசம்பரில் வீட்டுக்குள்ளே வெள்ளம் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, ஐப்பசி மாதம் வானம் கறுத்தாலே வயிற்றைக் கலக்கும். அதே வீட்டில் சித்திரை, வைகாசியில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு காத்திருக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைப்புக்கு வந்து பெருங்களத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு, தாம்பரம் ஸ்டேஷனில் தெற்கே போகிற ரயிலைப் பார்த்தாலே கண் கலங்கும். மெப்ஸ் கம்பெனிகளில் வேலை செய்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற வாலிபப் பிள்ளைகள் உண்டு. கலியாணமாகி சேலையூருக்கு வந்து, பேச ஒரு ஆள் இல்லாமல் நாலு சுவருக்குள் இருக்கிற சகோதரிகள் உண்டு. இதெல்லாம் பொய்க் கஷ்டம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

அப்படிப்பட்டவர்களுக்காகவே இந்த மாதம் ஒரு அம்மையாரின் வாழ்க்கையை எழுதுகிறேன். வேலூர் ஆஸ்பத்திரி என்றால் தெரியாதவர்கள் நம் சபையில் இருக்க மாட்டீர்கள். நம்மில் அநேகர் காட்பாடியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ரிப்போர்ட் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த ஆஸ்பத்திரியை உண்டாக்கின டாக்டர் ஐடா ஸ்கடர், இந்த தேசத்தில் தங்கவே மாட்டேன் என்று தீர்மானம் பண்ணியிருந்தவர். அவர் நம்மைப்போல் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர் அல்ல, அமெரிக்க ரிஃபார்ம்டு சபையின் ஆற்காடு மிஷனைச் சேர்ந்தவர். ஆனாலும் கர்த்தர் அவரோடு இடைப்பட்ட விதம் நமக்கும் பாடமாயிருக்கிறது.

பஞ்சம் பார்த்த பிள்ளை

ஐடா 1870 டிசம்பர் 9-ம் தேதி இராணிப்பேட்டையில் பிறந்தாள். தகப்பனார் டாக்டர் ஜான் ஸ்கடர், தாயார் சோபியா. ஐந்து அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்த ஒரே பெண்பிள்ளை. அவளுடைய தாத்தாவின் பெயரும் டாக்டர் ஜான் ஸ்கடர்தான். அவர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறி, இலங்கையிலும் பிறகு சென்னையிலும் மருத்துவ ஊழியம் செய்தவர். அவருடைய ஏழு குமாரரும் இந்தியாவில் மிஷனெரிகளாக ஊழியம் செய்தார்கள். ஸ்கடர் குடும்பத்தில் பிறந்தால் ஊழியம்தான் என்று ஊரே எதிர்பார்க்கும் அளவுக்கு அந்தக் குடும்பம் இருந்தது.

பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் லட்சக்கணக்கான ஜனங்களைக் கொள்ளை கொண்ட பஞ்சம் அது. வேலூரில் தகப்பனார் பஞ்ச நிவாரண வேலையில் இருந்தார். எலும்பும் தோலுமாய் இருந்த குழந்தைகளுக்குச் சிறுமி ஐடா தன் கையாலே ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். ரொட்டியைக் கையில் வாங்கக்கூட பெலனில்லாத பிள்ளைகள் அவர்களில் இருந்தார்கள். அந்த வயதில் பார்த்தது மனதைவிட்டு எப்படிப் போகும்? இந்தியா என்றாலே அவளுக்கு அந்தக் காட்சிதான்.

1878-ல் குடும்பம் அமெரிக்கா திரும்பி, நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு பண்ணையில் குடியிருந்தது. ஐடாவுக்கு அது விடுதலையாயிருந்தது. ஆனால் சில வருஷங்களில் தகப்பனார் மறுபடியும் ஊழியத்துக்கு இந்தியா வந்துவிட்டார். பிறகு தாயாரும் புறப்பட்டார்கள். சுமார் பதின்மூன்று வயதுப் பெண்ணை சிகாகோவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். தாயார் போன அன்று இரவு, தாயின் படுக்கையில் விழுந்து அழுதாள் அந்தப் பிள்ளை. இந்தியா அவளுக்குப் பஞ்சத்தைக் காட்டினது மாத்திரமல்ல, அப்பாவையும் அம்மாவையும் எடுத்துக்கொண்டுபோன தேசமும் ஆனது. அவளுடைய வெறுப்புக்குக் காரணம் இருந்தது, தேவ பிள்ளைகளே.

அதன்பின் பிரசங்கியார் டி.எல். மூடி நார்த்ஃபீல்டில் ஆரம்பித்த பெண்கள் பள்ளியில் படித்தாள். ஜெபமும் ஊழிய ஆவியும் நிறைந்த பள்ளி. அங்கே இருந்தும், தான் மிஷனெரியாகப் போவதில்லை என்பதிலே உறுதியாயிருந்தாள். அமெரிக்காவிலே கலியாணம் பண்ணி, சுகமாய் வாழ வேண்டும் என்பதே அவள் விருப்பம்.

திண்டிவனத்தில் சிக்கிக்கொண்டாள்

1890-ல் செய்தி வந்தது. திண்டிவனத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த தாயார் வியாதிப்பட்டிருக்கிறார்கள், மகள் வந்து கவனிக்க வேண்டும். ஐடா வந்தாள். ஆனால் ஊழியத்துக்கென்று வரவில்லை. அம்மா தேறினவுடனே திரும்பிப் போய்விட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வந்தாள்.

திண்டிவனம் நமக்குத் தெரியாத ஊரா? தாம்பரத்தில் ரயில் ஏறினால் செங்கல்பட்டு, மதுராந்தகம், மேல்மருவத்தூர், அடுத்து திண்டிவனம். நூறு கிலோமீட்டருக்குள்ளே வந்துவிடும். இன்றைக்கும் மே மாதத்தில் அங்கே இறங்கினால் வெயில் தலையைப் பிளக்கும். மின்விசிறி இல்லாத அந்தக் காலத்தில், அமெரிக்காவில் வளர்ந்த இருபது வயதுப் பெண்ணுக்கு எப்படியிருந்திருக்கும்! தாயை விட்டுப் போகவும் முடியாது, இருக்கவும் பிடிக்காது. நம்மில் அநேகர் இருக்கிற நிலை இதுதானே? பெற்றோருக்காக, பிள்ளைகளின் படிப்புக்காக, வீட்டுக் கடனுக்காக, பிடிக்காத இடத்தில் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மூன்று பேர் தட்டின ராத்திரி

அப்படியிருக்கும்போது ஒரு ராத்திரி நடந்த சம்பவம் இது. ஒரு பிராமண வாலிபர் பங்களாவுக்கு வந்தார். அவருடைய மனைவி பிரசவ வேதனையில் சாகக் கிடக்கிறாள், அம்மா வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார். ஐடா தனக்கு வைத்தியம் தெரியாது, தன் தகப்பனார் டாக்டர், அவர் வருவார் என்று சொன்னாள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். துக்கத்தோடே திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு இஸ்லாமியர் வந்தார். அதே வேண்டுதல், அதே பதில். மூன்றாவதாக இன்னொரு மேல்சாதி இந்து வந்தார். அவரும் அப்படியே போனார்.

அன்று ராத்திரி ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் தெருவிலே சாவு மேளம் கேட்டது. விசாரித்து வர ஆள் அனுப்பினாள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள் என்று செய்தி வந்தது.

அறையைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் ஜெபித்தாள். பிறகு பெற்றோரிடத்தில் போய், தான் அமெரிக்கா போய் டாக்டர் படிப்புப் படித்து, இந்தத் தேசத்துப் பெண்களுக்கு ஊழியம் செய்யத் திரும்பி வருவதாகச் சொன்னாள்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன். ஐடாவை அழைப்பதற்காகக் கர்த்தர் அந்த மூன்று பெண்களையும் சாகக் கொடுத்தார் என்று யாரும் பிரசங்கம் பண்ணாதிருங்கள். அவர்களும் அவர் உண்டாக்கின ஆத்துமாக்கள். ஊர் வழக்கமும், பெண் டாக்டர் இல்லாத குறையும் அவர்களைக் கொன்றது. அந்தத் தெருக்களில் இப்படிப்பட்ட சாவுகள் அதற்கு முன்னும் நடந்துகொண்டுதான் இருந்தன. அந்த ராத்திரியில் அவை ஐடாவின் வாசலுக்கு வந்தன, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பாருங்க. காலையில் எழுந்தபோது திண்டிவனம் மாறியிருக்கவில்லை. அதே வெயில், அதே புழுதி. அந்த ஊர் அவளுக்குத் திடீரென்று பிடித்துப்போய்விட்டது என்று சொல்ல ஒன்றுமில்லை. முந்தின நாள் வரைக்கும் அது அவள் சிக்கிக்கொண்ட ஊர். இப்போது அந்த ஊரிலே சாகிறவர்களின் வீடு அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரே ஒரு கட்டில்

வைராக்கியம் மாத்திரம் இருந்து அவர் நின்றுவிடவில்லை. படித்தார். 1895-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது நியூயார்க்குக்கு மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். ஷெல் என்ற வங்கிக்காரர், மரித்துப்போன தன் மனைவியின் ஞாபகமாக, வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்ட 10,000 டாலர் கொடுத்தார். 1900-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி, தோழி ஆனி ஹான்காக் அம்மையாரோடு ஐடா இந்தியா வந்து சேர்ந்தார்.

இனி எல்லாம் சுலபம் என்று நினைக்கிறீர்களா? தகப்பனாரோடு கூட இருந்து தொழில் அனுபவம் பெறலாம் என்று வந்தவர். சில மாதங்களிலேயே தகப்பனார் புற்றுநோயால் மரித்துப்போனார். அழைத்த தேவன் இப்படிச் செய்வாரா என்று நாம் கேட்டிருப்போம். பயிற்சி முடித்து வந்த இளம் பெண் டாக்டர், தனியாய் நின்றார். ஆனாலும் பெட்டியைக் கட்டவில்லை. பங்களாவில் ஒரு சின்ன அறையில், ஒரு கட்டில் போட்டு வைத்தியத்தைத் தொடங்கினார். முதலில் ஜனங்கள் வரத் தயங்கினார்கள். பிறகு வந்தார்கள். இரண்டு வருஷங்களில் சுமார் 5,000 நோயாளிகளைப் பார்த்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களை அவரே தேடிப்போனார். வேலூரிலிருந்து குடியாத்தம் போகிற வழியில், புளியமரத்தடியிலும் ரோட்டோரத்திலும் நோயாளிகள் காத்திருப்பார்கள். முதலில் மாட்டுவண்டி, பிறகு ஒரு மோட்டார் கார். 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார்.

தான் ஒருத்தி போதாது என்று கண்டார். இந்தத் தேசத்துப் பெண்களே டாக்டராக வேண்டும் என்று 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிசு என்று மாகாணத்தின் மருத்துவத் தலைமை அதிகாரி நினைத்தார். வந்தது 151! முதல் வகுப்பில் 14 பேர் படிப்பை முடித்து, 1922-ல் டாக்டர்களாக வெளியே வந்தார்கள். தட்டின மூன்று பேருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்த பெண்ணின் கைகளிலிருந்து, தட்டுகிற வீட்டுக்குள் போகக்கூடிய 14 பெண்கள் புறப்பட்டார்கள். அல்லேலூயா!

1930-களின் கடைசியில் பெரிய சோதனை வந்தது. சின்ன டிப்ளமா தரும் மருத்துவப் பள்ளிகள் இனி வேண்டாம், பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரியாக உயர வேண்டும் என்று சென்னை மாகாண அரசு தீர்மானித்தது. அதற்குப் பெருந்தொகை வேண்டும். யுத்த காலம். எழுபது வயதில் அம்மையார் 1941-ல் அமெரிக்கா போய், சபை சபையாய் ஏறி இறங்கிக் காணிக்கை சேர்த்தார். 1942-ல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி எம்.பி.பி.எஸ். வகுப்பை ஆரம்பித்தது. 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள்.

1946-ல் அம்மையார் ஓய்வு பெற்றபோது வயது 75. இப்போது தாராளமாய் அமெரிக்கா போயிருக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். போகவில்லை. கொடைக்கானலில் தங்கி, 1960 மே மாதம், 89-வது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. இன்று வேலூர் ஆஸ்பத்திரிக்கு முன்னால் போகிற ரோட்டுக்கே ஐடா ஸ்கடர் ரோடு என்று பெயர்.

நம்முடைய தாம்பரத்துக்கு என்ன செய்தி?

புதுவருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா 29-ம் அதிகாரம் 11-ம் வசனம் கிடைத்தால் சந்தோஷப்பட்டு, பிரேம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். நல்ல எதிர்காலத்தைக் குறித்த அருமையான வாக்குத்தத்தம் அது. யாருக்குச் சொல்லப்பட்டது? தாங்கள் வெறுத்த பாபிலோனிலே சிறையிருந்த ஜனங்களுக்கு. அதே கடிதத்தின் ஆரம்பத்தைப் படித்துப் பாருங்கள். அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் வைக்கவும், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கவும் கர்த்தர் கட்டளையிடுகிறார். இதைப் பிரேம் போடுகிறவர்கள் குறைவு!

அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் இருக்கிறான். இரண்டு வருஷத்தில் எல்லாம் மாறிவிடும் என்று தீர்க்கதரிசனம் சொன்னான். ஜனங்களுக்கு இனிப்பாயிருந்தது. ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. இந்த மாதமே டிரான்ஸ்ஃபர் வரும், இந்த வருஷமே ஊருக்குப் போவீர்கள் என்று நமக்கும் யாராவது சொன்னால், காது இனிக்கிறது என்பதற்காக உடனே ஆமென் போட வேண்டாம். ஆவிகளைச் சோதித்து அறியுங்கள்.

அதற்காக, போகக் கூடாது என்று நான் கட்டளையிடவில்லை. ஏரோது கொல்லத் தேடினபோது யோசேப்பு பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு ராத்திரியிலே எகிப்துக்குப் போனார். வீட்டில் அடி உதை வாங்குகிற சகோதரிக்கு, பொறுமையாயிரு என்று சொல்லுவது ஊழியம் அல்ல. அப்படிப்பட்டவர்கள் என்னிடத்திலோ மூப்பர்களிடத்திலோ வந்து சொல்லுங்க, பாதுகாப்பான இடத்துக்கு நாங்களே கூட வருவோம். வெள்ளம் புகுகிற வீட்டை மாற்றுவதும் அவிசுவாசம் இல்லை. ஐடா அம்மையாரும் படிப்பதற்காகத் திண்டிவனத்தை விட்டுப் போனவர்தானே! போவதா இருப்பதா என்பதைக் கர்த்தரிடத்தில் கேளுங்கள். ஆனால் இருக்கிற நாள் வரைக்கும், இருக்கிற தெருவைப் பார்க்காமல் இருக்காதிருங்கள்.

நம்முடைய உபவாச ஜெபங்களில் தாம்பரத்துக்கு எழுப்புதல் வேண்டும் என்று கண்ணீரோடு கேட்கிறோம். வீட்டுக்குப் போனதும், இந்தத் தாம்பரத்தை விட்டு எப்போது போவோம் என்று கேட்கிறோம். கர்த்தர் எந்த ஜெபத்தைக் கேட்பார்? எல்லோரும் ஓடிப்போக நினைக்கிற ஊரில் எழுப்புதல் யார் மேல் இறங்கும்?

உங்கள் காம்பவுண்டில் பக்கத்து வீட்டுக் கதவை ஒரு தரமாவது தட்டியிருக்கிறீர்களா? மாடி வீட்டில் மாசமாயிருக்கிற பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆள் உண்டா என்று கேட்டீர்களா? சானடோரியத்தில் பார்க்க வர ஒருவருமில்லாமல் படுத்திருக்கிறவர்களை நினைத்தீர்களா? வெளிமாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்கிற குடும்பத்துக்கு நம்மைவிட இந்த ஊர் எவ்வளவு அந்நியமாயிருக்கும்! உங்களுக்கு டாக்டர் படிப்பு இல்லாமல் இருக்கலாம். ஐடாவுக்கும் அந்த ராத்திரியில் இல்லை. யாராவது உங்கள் வாசலைத் தட்டும்போது, இது என் ஊர் இல்லை, நான் இங்கே கொஞ்ச நாளைக்குத்தான் என்று கதவைச் சாத்திவிடாதிருங்கள்.

இந்த மாதம் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் தெருவில் ஒரு வீட்டின் பெயரை எழுதி, தினமும் அந்த வீட்டுக்காக ஜெபியுங்கள். ஒரு தரமாவது போய்ச் சந்தியுங்கள். நானும் என் குடும்பமாக எங்கள் தெருவில் செய்கிறோம்.

எங்கள் பரம பிதாவே, நாங்கள் குடியிருக்கிற இந்த ஊருக்காக உமக்கு ஸ்தோத்திரம். பிடிக்காத இடத்தில் சோர்ந்திருக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் நீர் அறிவீர். போக வேண்டியவர்களுக்கு வழியைத் திறந்தருளும். இருக்க வேண்டியவர்களுக்குப் பெலன் தாரும். வாசலைத் தட்டுகிற சத்தத்தைக் கேட்கிற காதுகளை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் தெருவையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்